அக்டோபர் 15 சம்பளம் வருமா? அரசு முடக்கமும் படைக் குடும்பங்களும்

கடற்படை_வீடு | 9 அக்டோபர் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் விர்ஜினியா பீச்சில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது கப்பலில், நடுக்கடலில். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்.

படையில் மாதம் இரண்டு தடவை சம்பளம், 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். அக்டோபர் 1-இல் வந்தது செப்டம்பரில் செய்த வேலைக்கு. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், புது நிதியாண்டுக்குப் பணம் ஒதுக்காததால் அன்றைக்கே அரசு முடங்கிவிட்டது. அடுத்தது 15-ஆம் தேதி, புதன்கிழமை. வாட்ஸ்அப் குழுவில் வரும் என்று பாதிப்பேர், வராது என்று பாதிப்பேர்.

பிள்ளைகள் தூங்கினபிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாடகை கொடுத்தாயிற்று. கார் தவணை 16-ஆம் தேதி தானாகக் கழியும். சின்னவளுக்குப் பல் சிகிச்சை பாதியில் நிற்கிறது. கணக்கில் இருப்பது மூன்று வாரத்துக்கு இழுக்கும், அதற்குமேல் தாங்காது. 2013-இல் தனிச் சட்டம் போட்டுச் சம்பளம் கொடுத்தார்களாமே, இந்தத் தடவை ஏன் போடவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு மின்னஞ்சலில் இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | 9 அக்டோபர், இரவு 10.25

அக்கா, முதலில் ஆக வேண்டியதைப் பாருங்கள். சம்பளம் நேவி ஃபெடரல், யூஎஸ்ஏஏ மாதிரி படைக் குடும்பங்களுக்கான வங்கியில் நேரடியாக வரவாகிறது என்றால் நாளைக் காலையே கூப்பிடுங்கள். முடக்கக் காலத்தில் வட்டியில்லாமல் ஒரு சம்பள அளவுக்கு முன்பணம் தருகிறார்கள். கடற்படை, மரைன் குடும்பங்களுக்கான நிவாரணச் சங்கத்திலும் வட்டியில்லாக் கடன் உண்டு. கார் கம்பெனிக்கும் 16-க்கு முன்னாலேயே போன் போட்டுவிடுங்கள். தவணை தவறினபிறகு பேசுவதும் முன்னாலேயே பேசுவதும் ஒன்றில்லை.

இனி நீங்கள் கேட்டது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, 9-ஆம் பிரிவு: சட்டம் போட்டு ஒதுக்காத பணத்தில் ஒரு காசுகூடக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஒதுக்கீட்டை மீறிச் செலவழித்தால் அதிகாரிக்கே தண்டனை என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆனாலும் 1980 வரைக்கும் ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன, பணம் பின்னால் வரும் என்று. அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி 1980-இலும் 1981-இலும் இரண்டு கருத்துரை எழுதினார். பணம் ஒதுக்காவிட்டால் பூட்டு, உயிரையும் சொத்தையும் காக்கிற வேலைக்கு மட்டும் விலக்கு. இன்றைக்கு நாம் பார்க்கிற முடக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

படையினர் அந்த விலக்கில் வருகிறார்கள். வேலைக்குப் போயே ஆகவேண்டும். அரசு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் காங்கிரஸ் ஒதுக்குகிறவரை அந்தக் கடனை அடைக்க முடியாது.

2013-இல் செப்டம்பர் 30-ஆம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம், முடக்கம் தொடங்குவதற்குச் சில மணிநேரம் முன்னால் வந்தது. கீழவையில் 423-க்கு 0. ஆனால் அது அந்த ஒரு நிதியாண்டுக்கு மட்டும். இந்த வருஷம் அதே மாதிரி மசோதாவைக் கொண்டுவந்திருப்பவர் உங்கள் தொகுதி உறுப்பினர் ஜென் கிகன்ஸ்தான், அவரே முன்னாள் கடற்படை விமானி. வாக்கெடுப்புக்கு விட வேண்டிய கீழவையோ செப்டம்பர் 19-க்குப் பிறகு கூடவே இல்லை.

பழைய_சிப்பாய் | 10 அக்டோபர், காலை 6.05

வேலூரிலிருந்து எழுதுகிறேன். நான் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் அங்கே அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். படிக்கப் போனவன். மொழி தெரிந்த வெளிநாட்டாரைப் படையில் எடுத்து நேராகக் குடியுரிமை கொடுக்கிற மாவ்னி திட்டம் அப்போது இருந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, அதில் சேர்ந்தான்.

நேற்று போனில் "அப்பா, இந்த மாசம் பணம் அனுப்ப முடியாமல் போகலாம்" என்றான். எனக்கு விளங்கவில்லை. நான் எல்லையில் இருந்தபோது பனியில் தபால் வராது, காய்கறி வராது. சம்பளம் தவறினதில்லை. ஆயுதம் கையில் கொடுத்து நிற்கவைத்துவிட்டு எப்படி ஐயா காசு இல்லை என்பார்கள்?

கணக்குப்பிள்ளை | 10 அக்டோபர், காலை 8.30

ஐயா, வணக்கம். நம் ஊரிலும் பாராளுமன்றம் ஒதுக்காத பணத்தை எடுக்க முடியாது, 114-ஆம் பிரிவு. ஆனால் பட்ஜெட் தாமதமானால் 116-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஒதுக்கீடு வாங்கிக்கொள்வார்கள். அரசு செலவுக்குக் கேட்கும் பணத்தையே மக்களவை தோற்கடித்தால் ஆட்சி நிற்க முடியாது. இந்தியாவில் ஆட்சியும் அவையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. அமெரிக்காவில் அதிபர் தனி, காங்கிரஸ் தனி. செனட்டில் வழக்கமான மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால் இழுத்துக்கொண்டே போகலாம்.

அலைக்கரை | 10 அக்டோபர், பிற்பகல் 1.15

கடற்படை_வீடு அக்கா, நீங்கள் கேட்டதை 2019 ஜனவரியில் நான் கேட்டேன். அப்போது இந்தக் களம் எனக்குத் தெரியாது. என் கணவர் கடலோரக் காவல்படை. நாங்கள் கலிஃபோர்னியாவில்.

அந்த முடக்கம் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள். பாதுகாப்புத் துறைக்கு அந்த வருஷப் பணம் முன்னாலேயே ஒதுக்கியாகிவிட்டது, ராணுவம், கடற்படை, விமானப்படை, மரைன் எல்லாருக்கும் சம்பளம் வந்தது. கடலோரக் காவல்படையும் ஆயுதப்படைதான், ஆனால் 2003-இலிருந்து அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ். அந்தத் துறைக்கு ஒதுக்கீடு இல்லை. டிசம்பர் 31 சம்பளத்தை எப்படியோ தேற்றிக் கொடுத்தார்கள். ஜனவரி 15-இல் வரவில்லை. ஏறக்குறைய 42,000 பேருக்கு.

அன்று காலை ஐந்து மணிக்குப் போனில் கணக்கைத் திறந்து பார்த்தேன். வழக்கமாக நள்ளிரவிலேயே ஏறியிருக்கும். கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் ராணுவம், அவளுக்கு வந்திருந்தது. ஒரே தெரு, ஒரே மாதிரி சீருடை, துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். அவள்தான் அன்று எங்களுக்குப் பாலும் முட்டையும் வாங்கி வந்தாள். வாங்கிக்கொள்ளும்போது என் கை நடுங்கினது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த நாட்களில்தான் படைக் குடும்பங்களுக்கான ஆலோசனைத் தாள் ஒன்று செய்தியில் அடிபட்டது. பழைய பொருள்களை வாசலில் வைத்து விற்கலாம், பிள்ளை பார்த்துக்கொள்ளலாம், நாய்களை நடத்திக் கூட்டிப்போகலாம் என்று யோசனை. பிறகு எடுத்துவிட்டார்கள். ஜனவரி 20-இல் பெர்தால்ஃப் என்ற கப்பல் அலமேடாவிலிருந்து மேற்குப் பசிபிக்குக் கிளம்பியது. கரையில் நின்று கையசைத்தவர்களில் யாருக்கும் அந்த மாதச் சம்பளம் வரவில்லை.

அவருக்கு எழுதுங்கள் அக்கா. நான் மறைத்தேன், தெரிந்தபோது அவர் பட்ட வேதனை பணம் வராததைவிடப் பெரிதாக இருந்தது.

கடற்படை_வீடு | 11 அக்டோபர், இரவு 7.50

எழுதிவிட்டேன் அலைக்கரை. "கார் தவணையை மட்டும் பார்த்துக்கொள், மற்றதை வந்து பேசலாம்" என்று ஒரே வரி பதில்.

இப்போது செய்தி: இருக்கிற பணத்தை எல்லாம் பயன்படுத்தி 15-ஆம் தேதி படையினருக்குச் சம்பளம் போடச் சொல்லி அதிபர் டிரம்ப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஹெக்செத்துக்கு உத்தரவிட்டிருக்கிறார். இதை நம்பலாமா?

கணக்குப்பிள்ளை | 12 அக்டோபர், காலை 11.00

15-ஆம் தேதி வரும், நம்பலாம். எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

பாதுகாப்புத் துறைக்குக் காங்கிரஸ் கொடுக்கிற பணம் ஒரே மூட்டை இல்லை. சம்பளத்துக்குக் கொடுத்தது ஓராண்டுப் பணம், செப்டம்பர் 30 நள்ளிரவோடு புதுச் செலவுக்கு உதவாது. ஆராய்ச்சிக்குக் கொடுத்தது ஈராண்டுப் பணம். கொள்முதலுக்கு மூன்றாண்டு. கப்பல் கட்ட ஐந்தாண்டு. அதனால் போன வருஷ ஆராய்ச்சிப் பணத்தில் இன்னும் செலவாகாதது இருக்கிறது. அதிலிருந்து ஏறக்குறைய 8 பில்லியன் டாலர் எடுக்கிறார்கள்.

வீட்டில் மகள் படிப்புக்கென்று தனியாக எடுத்துவைத்த பணத்தை மளிகைக்குப் போடுவது மாதிரி. பசிக்கிற நேரத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த வேலைக்கு ஒதுக்கியதோ அந்த வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று இங்கே ஒரு சட்டமே இருக்கிறது. ஆராய்ச்சிப் பணத்தில் சம்பளம் போட அதிபருக்கு அதிகாரம் உண்டா என்று இரண்டு பக்கத்திலும் சட்டம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். வீரனுக்குச் சம்பளம் கூடாது என்று வழக்குப் போட யாருக்கு மனம் வரும்? அதனால் கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

கடற்படை_வீடு | 15 அக்டோபர், காலை 6.20

வந்துவிட்டது. முழுசாக. எல்லாருக்கும் நன்றி. பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

மேசைப்பணி | 15 அக்டோபர், இரவு 8.10

அக்காவுக்கு வந்ததில் உண்மையாகவே சந்தோஷம். என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு படைத்தளத்தில் சிவிலியன் ஊழியன். பக்கத்து மேசையில் சீருடை போட்ட சார்ஜண்ட். இரண்டு பேரும் ஒரே உதிரிப்பாகப் பட்டியலைத்தான் பார்க்கிறோம். அவருக்கு இன்று சம்பளம். என்னைக் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் வேலையையும் சேர்த்து அவர் பார்க்கிறார்.

2013-இல் இப்படி விடவில்லை. அந்தச் சட்டத்திலேயே, படைக்கு உதவியாக இருக்கிற சிவிலியன்களுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை வைத்துத்தான் அன்றைய பாதுகாப்புத் துறைச் செயலர் சக் ஹேகல் அக்டோபர் 5-ஆம் தேதி பெரும்பாலானவர்களை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். உத்தரவில் என்னைப் போன்றவன் எதைப் பிடிப்பது?

போன தடவை, 2019 ஜனவரியில், முடக்க நாட்களின் சம்பளத்தைப் பின்பாக்கியாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. இப்போது அதற்கும் வேறு அர்த்தம் சொல்லப் பார்க்கிறார்கள் என்று போன வாரம் செய்தி. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். அவர் கேட்கிறார், "தினமும் ஏன் வீட்டிலேயே இருக்கே?" என்று.

ஒற்றையடிப்பாதை | 16 அக்டோபர், பிற்பகல் 12.40

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். படையினர் சம்பளத்துக்கு நிரந்தரச் சட்டம் போட்டால் முடக்கம் நீளும். இரண்டு கட்சிக்கும் பயம் இருப்பது ஒரே விஷயத்தில்தான், சீருடைக்காரன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தொலைக்காட்சியில் வருவது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மேசைப்பணி அண்ணன் மாதிரி ஆட்கள் ஆறு மாதம் சம்பளமில்லாமல் கிடந்தாலும் கேட்க ஆளிருக்காது. 2018-19-இல் அதுதானே நடந்தது? பாதுகாப்புத் துறைக்குப் பணம் இருந்ததால் 35 நாள் இழுக்க முடிந்தது.

அலைக்கரை | 16 அக்டோபர், பிற்பகல் 2.05

உங்கள் தர்க்கம் புரிகிறது தம்பி. ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்குவதற்கு யாரோ ஒருத்தி வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்க வேண்டும். 2019-இல் எங்கள் வீட்டு அடுப்பு அப்படித்தான் இருந்தது. 42,000 பேருக்குச் சம்பளம் வராமலும் மேலும் பத்து நாள் ஓடியது. நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், யாரும் பயப்படவில்லை.

ஒற்றையடிப்பாதை | 16 அக்டோபர், பிற்பகல் 2.30

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. சரி, அப்படியானால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டம் வரட்டும். ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் என் கவலை அப்படியே இருக்கிறது.

ஏட்டுச்சுவடி | 18 அக்டோபர், இரவு 11.15

தாமதமாக வருகிறேன், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் கடலோரக் காவல்படைத் தலைவர் அட்மிரல் கார்ல் ஷுல்ட்ஸ், ஒதுக்கீடு இல்லாமல் ஆயுதப்படை ஒன்றுக்குச் சம்பளம் நின்றது, தனக்குத் தெரிந்து, நாட்டு வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை என்றார். அதற்கு முன்பும் ஒரு தடவை நடந்திருக்கிறது. 1877-இல்.

உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம். தென் மாநிலங்களில் படையை வைத்திருப்பது பற்றி இரண்டு கட்சிகளுக்கும் சண்டை. கீழவை ஜனநாயகக் கட்சியின் கையில். ராணுவ ஒதுக்கீட்டில் கட்டுப்பாடு சேர்க்கப் பார்த்தார்கள், செனட் ஏற்கவில்லை, மசோதா இல்லாமலேயே மார்ச்சில் காங்கிரஸ் கலைந்துவிட்டது. அப்போது நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அன்றிலிருந்து நவம்பர்வரை ஒரு சிப்பாய்க்கும் சம்பளம் இல்லை. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், அதுவும் இல்லை. உணவுக்கும் துணிக்கும் குதிரைத் தீவனத்துக்கும் மட்டும் 1861-இல் போட்ட பழைய சட்டம் ஒன்று இடம் கொடுத்தது. அதிகாரிகள் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினார்கள்.

அந்த மாதங்களில் அவர்கள் சும்மா இருந்தார்களா? ஜூலையில் நாடு முழுக்க ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதை அடக்க அதிபர் ஹேய்ஸ் படையை அனுப்பினார். சம்பளமில்லாத தொழிலாளிக்கு எதிரே சம்பளமில்லாத சிப்பாய். மேற்கே நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களைத் துரத்திக்கொண்டு மலைகளையும் ஆறுகளையும் தாண்டினார்கள். தன் மண்ணை விட்டு விரட்டப்பட்ட அவர்களின் தலைவர் ஜோசப், கனடா எல்லைக்கு ஏறக்குறைய 40 மைல் இருக்கும்போது, அக்டோபர் 5-ஆம் தேதி மொன்டானாவில் துப்பாக்கியை ஒப்படைத்தார். அதை வாங்கிக்கொண்ட பக்கத்துச் சிப்பாய்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இரண்டு பக்கத்தையும் நினைத்துப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. பத்து நாள் கழித்துத்தான் ஹேய்ஸ் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடர் தொடங்கியது. பணம் ஒதுக்கப்பட்டது நவம்பரில்.

இன்னும் பின்னால் போனால் 1783 ஜூன். பாக்கி கேட்டு பென்சில்வேனியா படைவீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குக் கிளம்பிப் போனது. தலைநகரம் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத தனி நிலமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

நான்கு வருஷம் கழித்து அரசியலமைப்பு எழுதியவர்கள் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். பார்த்தும், ராணுவத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்று எழுதினார்கள். படைக்குச் சோறு போடுகிற கை ஒரே ஆளுடையதாகிவிட்டால் அந்தப் படை அவன் சொல்லைத்தான் கேட்கும் என்ற பயம். அதனால்தான் கணக்குப்பிள்ளை எழுப்பிய கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. சம்பளம் வரவேண்டும். ஆனால் "அதிபர் கொடுத்தார்" என்று வரக் கூடாது. "சட்டம் கொடுத்தது" என்று வரவேண்டும்.

பழைய_சிப்பாய் | 19 அக்டோபர், காலை 5.50

கடைசி இரண்டு வரியை மகனுக்கு அனுப்பினேன். நாங்கள் சத்தியப் பிரமாணம் எடுத்தது அரசியலமைப்பின் பேரில். எந்த ஆளின் பேரிலும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் என்று அவன் சொன்னான்.

மேசைப்பணி | 24 அக்டோபர், இரவு 9.00

நேற்று செனட்டில் படையினருக்கும் முடக்கத்தில் வேலை செய்கிற ஊழியர்களுக்கும் சம்பளம் கொடுக்கிற ரான் ஜான்சன் மசோதா 54-45. அறுபது கிடைக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதில் இல்லை என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த மாதக் கடைசிச் சம்பளச் சீட்டில் எனக்குப் பூஜ்யம்.

ஒற்றையடிப்பாதை | 26 அக்டோபர், காலை 10.30

பெயர் சொல்லாத ஒருவர் படையினர் சம்பளத்துக்கென்று 130 மில்லியன் டாலர் கொடுத்திருக்கிறாராம். கொடுத்தவர் டிமோத்தி மெல்லன் என்ற கோடீஸ்வரர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியிருக்கிறது. பணியில் இருப்பவர்கள் 13 லட்சம் பேர். தலைக்கு 100 டாலர்.

கடற்படை_வீடு | 26 அக்டோபர், பிற்பகல் 3.00

கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பணக்காரர் வீட்டுக் காவலுக்குப் போகவில்லை. நிதிச் செயலர் பெசன்ட் இன்று தொலைக்காட்சியில், நவம்பர் 15-ஆம் தேதி சம்பளம் கொடுக்க முடியாமல் போகும் என்றார். மறுபடியும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை பணம் வந்தது, பயம் போகவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை இப்படி உட்காருவதற்கு எந்தக் கணக்கில் ஈடு எழுதுவார்கள்?

கணக்குப்பிள்ளை | 31 அக்டோபர், காலை 9.15

1-ஆம் தேதி சனிக்கிழமை என்பதால் இன்றே வந்திருக்க வேண்டும். இந்தத் தடவை மூன்று இடத்திலிருந்து என்று செய்தி: ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரி, செலவு மசோதாவில் படையினர் வீட்டுவசதிக்கென்று வைத்ததில் 2.5 பில்லியன், கொள்முதலில் 1.4, ஆராய்ச்சியில் 1.4. வீட்டு வாடகைக்கு உதவ வைத்த பணம் சம்பளமாக வருகிறது. ஒரு கையில் கொடுத்து மறுகையில் எடுத்தது மாதிரி.

2013 சட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம், அதிலும் ஓட்டை இருந்ததைச் சொல்லவேண்டும். சம்பளத்தை எழுதினார்கள், பணியில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒரு லட்சம் டாலரை எழுத மறந்தார்கள். அந்த முடக்கத்தின் முதல் வார இறுதியில் ஆப்கானிஸ்தானில் ஐந்து பேர் இறந்தார்கள். உடல் வந்தது, பணம் வரவில்லை. ஃபிஷர் ஹவுஸ் என்ற அறக்கட்டளை தான் கொடுப்பதாக முன்வந்தது. அக்டோபர் 10-இல் அதற்கென்று இன்னொரு சட்டம் போட்டார்கள். நிரந்தரச் சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் அந்த ஐந்து வீடுகளை நினைத்துக்கொண்டு எழுதவேண்டும்.

அலைக்கரை | 31 அக்டோபர், காலை 9.50

கடலோரக் காவல்படைக்கும் இந்தத் தடவை வந்தது, அதே ஜூலை மசோதாவில் இருந்த வேறு பணத்திலிருந்து. எங்கள் பழைய தெருவில் இருக்கிற பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். "வந்துடுச்சுக்கா" என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் இருக்கிற அவள் தம்பிக்குத்தான் வார இறுதிப் பயிற்சி ரத்து, அந்தக் கூலியும் இல்லை.

நெறியாளர் | 8 நவம்பர், மாலை 5.30

கட்சிகளைத் திட்டி வந்த பதிவுகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். இந்த இழையைச் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறவர்களும் படிக்கிறார்கள்.

மேசைப்பணி | 13 நவம்பர், காலை 7.45

நேற்று இரவு கையெழுத்தாகிவிட்டது. 43 நாள். எங்களுக்குப் பின்பாக்கி உண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இதோ சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா டிபன் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடற்படை_வீடு | 14 நவம்பர், காலை 6.40

சம்பளம் வந்துவிட்டது. அண்ணே, உங்களுக்கும் சீக்கிரம் வரட்டும்.

கணக்குப்பிள்ளை, ஒன்று கேட்கவேண்டும். இப்போது போட்டிருக்கிற சட்டத்தில் முழு வருஷத்துக்கும் பணம் கிடைத்தது வேளாண்மை, ராணுவக் கட்டுமானத்தோடு முன்னாள் வீரர் நலன், காங்கிரஸ் செலவு இந்த மூன்றுக்கு மட்டும்தான் என்று படித்தேன். படையினர் சம்பளம் அதில் இல்லையா?

கணக்குப்பிள்ளை | 14 நவம்பர், காலை 8.05

இல்லை அக்கா. பாதுகாப்புத் துறைக்கு இடைக்கால ஒதுக்கீடுதான், ஜனவரி 30 வரைக்கும். கிகன்ஸ் மசோதா இன்னும் அப்படியே கிடக்கிறது. அவர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், நீங்கள் அவருடைய வாக்காளர். நானும் என் தொகுதி உறுப்பினருக்கு எழுதுகிறேன்.

கடற்படை_வீடு | 14 நவம்பர், காலை 8.20

செய்கிறேன். காலண்டரில் ஜனவரி 30-ஐ வட்டம் போட்டுவிட்டேன். கார் தவணை ஒன்றை இந்த மாதமே முன்னதாகக் கட்டிவிடப் பார்க்கிறேன். அவருக்கும் எழுதிவிட்டேன்.